கிடைக்காத வரமும் நீங்காத மகிழ்ச்சியும்

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஆலயங்களிலும், ஊர்ப்புறங்களில் பந்தலிட்டு நடத்தும் உபவாச ஜெபக் கூட்டங்களிலும், ‘சாட்சி’ சொல்வதற்கென்று சிறிது நேரம் ஒதுக்குவது நெடுநாளைய வழக்கம். வைத்தியர் கைவிட்ட பிள்ளை பிழைத்தெழுந்ததையும், பல வருஷங்கள் ஏங்கியிருந்த தம்பதிக்கு மகவு பிறந்ததையும், கடனில் அமிழ்ந்துகொண்டிருந்த குடும்பம் கரையேறியதையும் ஒவ்வொருவராக எழுந்து தழுதழுத்த குரலில் சொல்ல, கேட்டிருப்போர் ‘தோத்திரம்’ என்று கூறி ஆண்டவரைத் துதிப்பார்கள். அந்த நன்றியில் பொய்யில்லை. அதைக் கேட்டு நெஞ்சம் நெகிழாதவரும் அரியர். ஆயினும் அதே பந்தலில், அதே பாயில், அதே வரத்தை அதே கண்ணீரோடு கேட்டு, கேட்டது கிடைக்காமல் தன் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த ஒரு தாயும் உட்கார்ந்திருப்பாள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அவளைச் சாட்சி சொல்ல யாரும் அழைப்பதில்லை, அவளும் எழுந்திருப்பதில்லை. கடவுள் இல்லை என்று சொல்பவனுக்கு இந்த விஷயத்தில் மனவேதனை எதுவுமில்லை. அவர் இருக்கிறார், கேட்கிறார், அன்புள்ளவர் என்று முழு மனத்தோடு நம்புகிறவளுக்குத்தான், ‘ஏன் எனக்கு மட்டும் இல்லை?’ என்ற கேள்வி இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பக்கத்து வீட்டார் முதல் பிரசங்கிமார் வரை பலரும் வழக்கமாகக் கூறும் சமாதானங்கள் சில உண்டு. விசுவாசம் போதவில்லை என்பார்கள். மறைவான பாவம் ஏதோ தடையாக நிற்கிறது என்பார்கள். சோர்ந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டாய் என்பார்கள். இவற்றுக்கு வேதாகமத்தில் ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சொந்த இச்சைகளை நிறைவேற்றிக்கொள்வதற்காகத் தகாத விதமாய்க் கேட்பதைப் பற்றி யாக்கோபு தம் நிருபத்தில் எச்சரிக்கிறார். பிறர் குற்றத்தை மன்னிக்காமல் ஜெபத்துக்கு நிற்பதை இயேசுநாதர் கண்டிக்கிறார். நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்து நியாயம் பெற்ற விதவையின் உவமையையும் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த உபதேசங்களெல்லாம் ஒரு மனிதன் தனிமையில் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கென்று தரப்பட்டவை. அடுத்தவன் படுக்கையருகே போய் உட்கார்ந்து, அவன் நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்வதற்காக அவற்றைக் கையாள்வது கொடுமையாகும். யோபுவின் நண்பர்கள் செய்தது அதைத்தான். அவர்கள் பேசியதில் பக்தியும் இருந்தது, தர்க்கமும் இருந்தது. எனினும் அந்தக் காவியத்தின் முடிவில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது அவரை நோக்கிக் கூக்குரலிட்டு வழக்காடிய யோபுவின்மேல் அல்ல, அவருக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களின்மேல்தான்.

இதற்கெல்லாம் மேலாக, விசுவாசக் குறைவினால்தான் ஜெபம் மறுக்கப்படுகிறது என்ற வாதத்தை அடியோடு சாய்த்துவிடும் இடம் ஒன்று சுவிசேஷங்களிலேயே இருக்கிறது. சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவில், எருசலேம் நகருக்கு வெளியே கீதரோன் பள்ளத்தாக்கைக் கடந்து, ஒலிவ மலையடிவாரத்திலுள்ள கெத்செமனே தோட்டத்தில் இயேசுநாதர் முகங்குப்புற விழுந்து, தமக்கு வரவிருந்த துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று கேட்டார். ஒரு முறை கேட்டு நிறுத்திவிடவில்லை. மூன்று முறை கேட்டார். துணைக்கு அழைத்துப் போன சீஷர்களோ உறங்கிப்போனார்கள். பாத்திரம் நீங்கவில்லை, மறுநாளே அவர் சிலுவையில் அறையப்பட்டார். அவரிடத்தில் எந்தப் பாவத்தைத் தேடுவது? அவருடைய விசுவாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது? கிறிஸ்தவ சமயம் முழுவதும் எந்தச் சிலுவையின்மேல் நிற்கிறதோ, அந்தச் சிலுவைக்குப் போகும் வழியிலேயே மறுக்கப்பட்ட ஒரு மன்றாட்டு இருக்கிறது. ஆகவே கேட்டது கிடைக்காமல் தவிக்கும் மனிதன் கிறிஸ்துவைவிட்டுத் தொலைவில் போய்விட்டவனல்லன். அந்தத் தோட்டத்தில், உறங்கிவிட்ட சீஷர்களைவிட அவருக்கு அருகில் இருப்பவன் அவனே. இந்த ஒன்றைச் சொல்லவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

பழைய ஏற்பாட்டைப் புரட்டினாலும் இதே செய்திதான் கிடைக்கிறது. நாற்பது வருஷம் ஜனங்களை வனாந்தரத்தில் நடத்திவந்த மோசே, கானான் தேசத்தில் ஒரு முறையாவது கால் வைக்கவேண்டும் என்று கெஞ்சியபோது, இனி இந்தக் காரியத்தைப் பேசாதே என்ற பதிலைப் பெற்றுத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு இறந்தார். தாவீது அரசன் ஏழு நாள் உண்ணாமல் தரையில் கிடந்து மன்றாடியும் அவன் குழந்தை இறந்தது. எலியா தீர்க்கதரிசியோ சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து தனக்குச் சாவு வரவேண்டும் என்று கேட்க, வந்தது சாவன்று. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வந்தன. இவை யாவினும் என் மனத்தை அதிகமாக ஈர்ப்பது 88ஆம் சங்கீதம். புலம்பித் தொடங்கும் மற்றச் சங்கீதங்களில் பெரும்பாலானவை முடிவதற்குள் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இதுவோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட பாட்டை யாரும் நீக்கிவிடாமல், ஆலயத்தில் பாடுவதற்கென்று பாடகர் தலைவனிடம் ஒப்புவித்து, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அந்தப் பழைய இஸ்ரவேலர், துக்கத்தைத் துக்கமாகவே கடவுள் முன்னிலையில் வைப்பதும் ஆராதனைதான் என்பதை அறிந்திருந்தார்கள். நம் காலத்து ஆராதனையில் இதற்கு இடம் குறைந்துபோனது பெரிய நஷ்டம்.

இனி சரித்திரத்துக்கு வருவோம். கிறிஸ்துவுக்குப் பின் நான்காம் நூற்றாண்டில், இன்று அல்ஜீரியா என்று வழங்கும் வட ஆப்பிரிக்க நாட்டிலுள்ள தகாஸ்தே என்ற சிற்றூரில் மோனிக்கம்மாள் என்னும் மாது வாழ்ந்தாள். 354ஆம் வருஷம் பிறந்த அவள் மகன் அகுஸ்தீன் கூர்மையான புத்தியுடையவன். ஆனால் தாயின் விசுவாசத்தை உதறிவிட்டு மானிக்கேயம் என்ற வேறொரு மார்க்கத்தைத் தழுவி, மனம்போன வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்தான். அவன் மனந்திரும்பவேண்டும் என்று அவள் வருஷக்கணக்கில் அழுது ஜெபித்தாள். 383இல் கார்த்தேஜ் நகரிலிருந்து ரோமாபுரிக்குப் போக அவன் தீர்மானித்தபோது, அங்கே போனால் முற்றிலும் கெட்டொழிவான் என்று அஞ்சிய தாய், கடற்கரை வரை பின்தொடர்ந்து வந்து, ‘ஒன்று வீட்டுக்குத் திரும்பு, இல்லையேல் என்னையும் கூட்டிப்போ’ என்று அவனைப் பிடித்துக்கொண்டாள். அவனோ, காற்றுக்காகக் காத்திருக்கும் நண்பன் ஒருவனை வழியனுப்பவே வந்ததாகப் பொய் கூறி, கப்பலுக்கு அருகிலிருந்த அர்ச். சிப்ரியான் நினைவாலயத்தில் அன்றிரவு தங்கும்படி அவளை இணங்கவைத்தான். மகனைக் கடல் கடக்கவிடாதேயும் என்று அவள் அங்கே முழந்தாளிட்டு அழுதுகொண்டிருந்த அந்த இரவிலேயே, காற்று எழுந்து, பாய் விரிந்து, கப்பல் போய்விட்டது. பொழுது விடிந்ததும் கரையில் நின்று அவள் கதறினாள்.

அன்று காலையில் யாரேனும் அவளிடம், உன் ஜெபம் கேட்கப்பட்டதா என்று வினவியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? ஆனால் ரோமாபுரிக்குப் போன அகுஸ்தீன் அங்கிருந்து மிலான் நகருக்குப் போனார்; அங்கே மேற்றிராணியார் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டார்; 386இல் அந்நகரத் தோட்டம் ஒன்றில் அவர் மனம் உடைந்து திரும்பியது; 387ஆம் வருஷத்து ஈஸ்டர் திருநாளில் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். கடல் கடந்து மகனைத் தேடிவந்திருந்த மோனிக்கம்மாள் அதைக் கண்ணாரக் கண்டாள். பிற்காலத்தில் திருச்சபையின் மாபெரும் ஞானிகளுள் ஒருவராகிவிட்ட அகுஸ்தினார், தம் வாழ்க்கையைக் கடவுளை நோக்கிய ஒரு நீண்ட ஜெபமாகவே எழுதிவைத்த நூலில் அந்தக் கடற்கரை இரவை நினைவுகூர்ந்து, தாய் எக்காலத்தும் கேட்டுவந்ததை நிறைவேற்றுவதற்காகவே அவள் அன்றிரவு கேட்டதை ஆண்டவர் மறுத்தார் என்று பொருள்பட எழுதுகிறார்.

அவளுடைய சரிதத்தில் இன்னொரு மறுப்பும் இருக்கிறது. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சொந்த ஊரில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னையும் புதைக்கவேண்டும் என்று அவள் வெகுகாலம் ஆசைப்பட்டு, இடமும் ஏற்பாடு செய்திருந்தாள். ஞானஸ்நானம் ஆன அதே 387ஆம் வருஷம், ஊருக்குத் திரும்பக் கப்பலை எதிர்பார்த்து ரோமாபுரியின் துறைமுகமாகிய ஓஸ்தியாவில் தங்கியிருந்தபோது காய்ச்சல் கண்டு, தன் ஐம்பத்தாறாம் வயதில் அங்கேயே இறந்தாள். இறக்குமுன் தன் உடலை எங்கு வேண்டுமானாலும் அடக்கம் செய்யலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். கார்த்தேஜ் கரையில் கதறிய அதே பெண், ஓஸ்தியாவில் தன் கடைசி ஆசையை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாள். நான்கே வருஷ இடைவெளியில் அவள் உள்ளம் எவ்வளவு விசாலமாகிவிட்டது!

எனினும் மோனிக்கம்மாளின் கதையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. எல்லா மறுப்புகளும் நான்கு வருஷத்தில் விளங்கிவிடுவதில்லை. சில மறுப்புகள் ஆயுள் முடியும்வரை விளங்குவதேயில்லை. நெருப்பைப் பிடிக்கப் போகும் குழந்தையைத் தாய் தடுப்பதுபோலக் கடவுள் நம்மைத் தடுக்கிறார் என்று சொல்லி ஆறுதல் அளிப்பவர்கள், நோயாளி கேட்பது நெருப்பையன்று, ஓர் இரவு வலியில்லாத உறக்கத்தையே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில், நம் நாட்டு மண்ணிலேயே வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் நினைவு வருகிறது. 1867 டிசம்பர் 16இல் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள மில்லைல் என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்த அவர், மூன்று வயதுச் சிறுமியாக இருக்கையில் தன் தாயின் கண்களைப்போலத் தன் கண்களும் நீலமாக மாறவேண்டும் என்று ஒரு நாள் இரவு ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். கடவுளிடம் கேட்டால் தருவார் என்று தாய் சொல்லியிருந்ததில் குழந்தைக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. காலையில் நாற்காலியில் ஏறிக் கண்ணாடியில் பார்த்தால், அதே பழுப்புக் கண்கள்! இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று அன்று புரிந்துகொண்டதாகச் சொல்வார்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிப் பகுதியில் ஊழியம் செய்து, 1901 முதல் கோவில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பெண்குழந்தைகளைக் காப்பாற்றித் தோனாவூரில் வளர்க்கத் தொடங்கிய அம்மையார், சேலையுடுத்தித் தமிழ்ப் பெண்போல ஊர்களுக்குள் சென்று வந்த காலத்தில் அந்தப் பழுப்புக் கண்கள் அவரை அந்நியப் பெண்ணென்று காட்டிக்கொடுக்காமல் எவ்வளவு உதவின என்பதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். இனிய கதைதான், பிரசங்கங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் அடிக்கடி சொல்லப்படுவதுதான். ஆனால் அவர் வாழ்க்கையின் பிற்பகுதி இவ்வளவு எளிதாகக் கதைக்குள் அடங்குவதில்லை.

தோனாவூர்ப் பணியில் அம்மையாருக்கு வலது கரமாக இருந்தவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண்மணி. நெய்யூரில் கைக்குழந்தைகளைப் பேணும் பொறுப்பை ஏற்று நடத்தியவர். அவரைப் புற்றுநோய் பற்றியது. யாக்கோபு நிருபத்தில் சொல்லியபடி எண்ணெய் பூசி ஜெபிக்கவேண்டும் என்று தீர்மானித்து, பெண்கள் வெள்ளைச் சேலையுடுத்திக் கட்டிலைச் சூழ்ந்து நின்று, வெற்றிக்கு அடையாளமாகக் குருத்தோலை ஒன்றைக் கட்டிலின்மேல் கிடத்தி, பதில் எதுவாயினும் ஏற்போம் என்று மன்றாடினார்கள். அன்றைய தினத்திலிருந்தே நோய் முற்றத் தொடங்கியது; வலி பெருகியது. 1915இல் பொன்னம்மாள் இறந்தார். இதற்கு விளக்கம் என்ன? பழுப்புக் கண்களுக்குக் கிடைத்ததைப்போல அழகான விளக்கம் எதுவும் இந்த மரணத்துக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததாக நடிக்கவும் வேண்டியதில்லை.

1931 அக்டோபர் 24ஆம் தேதி அம்மையாருக்கே விபத்து நேர்ந்தது. களக்காட்டில் மருத்துவப் பணிக்கென ஏற்பாடாகியிருந்த வீட்டைப் பார்வையிடப் போனவர், மங்கிய மாலை வெளிச்சத்தில், தோண்டக்கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழி ஒன்றில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சில வாரங்களில் எழுந்து நடப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் குணமடையவேண்டும் என்று பிள்ளைகளும் ஊழியர்களும் நாடு நாடாக நண்பர்களும் ஜெபித்தார்கள். ஆனால் ஒரு துன்பத்தை அடுத்து மற்றொன்றாக வந்து, நரம்பு வலியும் மூட்டு வலியும் பற்றிக்கொள்ள, 1951 ஜனவரி 18இல் கண்மூடும்வரை ஏறத்தாழ இருபது வருஷங்கள் அவர் பெரும்பாலும் தம் அறையைவிட்டு வெளியே வர இயலாதவராகவே இருந்தார். ஊர் ஊராக நடந்து திரிந்த கால்கள் அவை.

அந்த அறையிலிருந்து அவர் எழுதியனுப்பிய நூல்கள் பல. 1933இல் வெளியான ஒரு நூல், அவரைப்போலவே படுக்கையில் கிடந்த நண்பர்களுக்காக எழுதிய கடிதங்களிலிருந்து உருவானது. நோயாளிகளுக்கென்று அச்சிடப்படும் ஆறுதல் ஏடுகளை நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் எழுதுகிறார்கள், அவை நோயாளியின் உள்ளத்தைத் தொடுவதில்லை என்று உணர்ந்த அவர், வலி தம்மோடு இருக்கும்போதே வலியுள்ளவர்களுக்கு எழுதவேண்டும் என்று தீர்மானித்து எழுதிய கடிதங்கள் அவை. அதில் அவர் தம் நோயைப் புனிதமாக்கவுமில்லை. நோய் நல்லது என்று சொல்லவுமில்லை. விதியே என்று தலை சாய்ப்பது வேறு, அன்புள்ள ஒருவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வது வேறு என்ற பேதத்தை அவர் தம் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். முன்னதில் மனிதன் தனியாக இருக்கிறான்; பின்னதில் அவனோடு இன்னொருவர் இருக்கிறார்.

கிறிஸ்தவர்கள் ஆனந்தம் என்று கூறுவது எதை என்ற கேள்விக்கு நான் கண்ட வழி இங்கேதான் திறக்கிறது. வரம் கிடைத்ததால் வரும் சந்தோஷத்தை இழிவாகப் பேசுவது தவறு. பிள்ளை பிழைத்தால் தாய் ஆடிப்பாடத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சந்தோஷம் நாளைக்கு வரும் அடுத்த காய்ச்சலோடு அஸ்தமித்துவிடும். அத்திமரம் துளிர்க்காமல், திராட்சைச் செடியில் பழம் இல்லாமல், தொழுவத்தில் மாடும் இல்லாமற்போன நிலையைச் சொல்லி, அப்போதும் தன் ஆண்டவரில் களிகூருவேன் என்று பாடிய ஆபகூக் தீர்க்கதரிசியின் மகிழ்ச்சி வேறு வகையைச் சேர்ந்தது. விண்ணப்பம் என்பது ஜெபத்தின் ஒரு பகுதி மட்டுமே. கேட்பவனுக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையிலுள்ள உறவே அதன் உயிர். வரம் மறுக்கப்படும்போது அந்த உறவு முறிந்துவிடவில்லை என்பதை ஒருவன் அழுதுகொண்டே கண்டுபிடிக்கும்போது, அவன் எதிர்பாராத இடத்தில் இந்த ஆனந்தம் ஊறத் தொடங்குகிறது. கட்டளையிட்டு இதை வரவழைக்க முடியாது. பிள்ளையை இழந்து மூன்று நாளாகாத தாயிடம் போய், ஆண்டவரில் மகிழ்ந்திரு என்று சொல்பவன் ஆபகூக்கைப் படித்தவனல்லன்.

புதிய ஏற்பாட்டின் நிருபங்களுள் சந்தோஷத்தை மிக அதிகமாகப் பேசுவது, பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய சிறு நிருபம். அதை அவர் எழுதியது சிறையில் இருந்துகொண்டு. தீர்ப்பு மரணமா விடுதலையா என்பது தெரியாத நிலையில். அவரும் மறுப்பை அறியாதவரல்லர். தம் உடம்பில் தைத்த முள் என்று அவர் குறிப்பிடும் ஏதோ ஒரு தீராத உபாதை நீங்கவேண்டும் என்று மூன்று முறை வேண்டியும் நீங்கவில்லை. நீக்கத்துக்குப் பதிலாகக் கிருபை கிடைத்தது என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். எபேசு பட்டணத்தில் அவர் மேனியில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோயாளிகள் குணமானார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். ஆனால் அதே எபேசு நகரத்தானாகிய துரோப்பீமு என்ற தோழனை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தேன் என்று இன்னொரு நிருபத்தில் காண்கிறோம். அந்நியர் குணமாக, அருமைத் தோழன் குணமாகவில்லை. பவுல் இதற்குக் காரணம் தேடவில்லை. ஒரு வரியில் தெரிவித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார். சிறையிலிருந்த பவுலுக்குப் பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியைச் சுமந்துகொண்டு வந்தவர். வந்த இடத்தில் சாகும் நிலைக்கு நோயுற்றார். தம் நோயைப் பற்றிய செய்தி ஊர்வரை எட்டிவிட்டது என்று அறிந்து, அதற்காக அவர் மிகவும் வருந்தினாராம். அவர் பிழைத்தார். தம் முள்ளோடு சிறையில் உட்கார்ந்திருந்த பவுல் அதைப் பற்றி எழுதுகையில், தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி கடவுள் இரக்கம் காட்டினார் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். தோழன் இறந்திருந்தால் தாம் உடைந்து அழுதிருப்போம் என்பதை, எப்போதும் சந்தோஷமாயிருங்கள் என்று அவர் எழுதும் அதே ஏட்டிலேயே, ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். பிறகு, அவரைத் தம் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொள்ள விரும்பாமல், ஊரில் கவலையோடிருப்பவர்கள் அவரை நேரில் கண்டு மகிழட்டும், அவர்கள் மகிழ்ந்தால் தம் துக்கமும் குறையும் என்று, பிலிப்பிக்கே திருப்பி அனுப்பிவைக்கிறார்.